சுவரும் பெஞ்சும்

1844ஆம் ஆண்டில் புதுச்சேரியில் ஒன்றோடொன்று பிணைந்த மூன்று காரியங்கள் நடந்தன. ஜனவரி 18 தொடங்கி பிப்ரவரி 13 வரை, ஆயர் கிளெமான் போனான் தலைமையில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் கூடி ஒரு திருச்சபைச் சங்கம் நடத்தினார்கள். உள்ளூர்ப் பையன்களுக்குக் கல்வி தந்து, அவர்களிலிருந்தே குருக்களை உருவாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அதே ஆண்டில் பெத்தி செமினார் தொடங்கியது. அக்டோபரில் லூயி சவினியன் துப்புயி என்ற குரு, தமிழ்ப் பெண்களையே கொண்டு ஒரு கன்னியர் சபையை உண்டாக்கினார். பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தச் சபைக்கு அவர் கொடுத்த முதல் வேலை.

பெத்தி செமினார் இன்று எம்.ஜி. ரோட்டில் நகரமே அறிந்த பெரிய பள்ளி. துப்புயியின் சபை, மரியின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்ற பெயரில் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. நூற்றெண்பது ஆண்டுகளைக் கடந்த இந்த உழைப்புக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். ஒரு பள்ளியைக் கத்தோலிக்கப் பள்ளி ஆக்குவது எது? வாசலில் நிற்கும் மாதா சொரூபமா, காலைச் செபமா, சிஸ்டர்களின் உடுப்பா, பெற்றோர் மெச்சும் கண்டிப்பா? இவையெல்லாம் அதன் அடையாளங்கள்தாம். ஆனால் அதன் உயிர், வேறெங்கும் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அதன் பெஞ்சில் இடம் இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. இதை நான் எங்கிருந்தோ கொண்டுவந்து இந்த ஊர்மேல் சுமத்தவில்லை. புதுச்சேரியின் வரலாறே சொல்வது இது.

*

மிஷன் வீதியிலிருக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை ஊர்க்காரர்கள் சம்பா கோவில் என்பார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1791இல் முடிந்தது. அதற்கு முன் அங்கிருந்த இயேசு சபையாரின் கோவிலுக்குள் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். ஒரே பூசை, ஒரே அப்பம், நடுவில் சுவர்.

1745 அக்டோபரில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் திரளாக மூத்த குருவிடம் போனார்கள். கடவுள் எல்லோரையும் ஒன்றாக நடத்துகிறவர் என்றால் எங்களை மட்டும் ஏன் பிரித்து உட்காரவைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று ஒப்புக்கொண்ட குரு, சுவரை இடிக்கச் சொன்னார். உடனே சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் ஆளுநர் துப்ளே வரை போனது. கேட்டவர்கள் பறையர்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. குருவுக்குத் தானாக அந்த ஞானம் வந்துவிடவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நற்செய்தியின் வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அதைச் சொன்னவர்களிடமே கணக்குக் கேட்டார்கள்.

அதே இடத்தில் மூன்று ஆண்டுகளில் இன்னோர் இடிப்பும் நடந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயரின் முற்றுகைக் காலத்தில், மாதா கோவிலுக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அதைப் பல ஆண்டுகளாக வேண்டிவந்தவர்களில் குருக்களும் இருந்தார்கள். பிள்ளை இந்த நாளையும் எழுதிவைத்தார், ஆறாத மனவேதனையோடு. ஒன்று மனிதரைப் பிரித்த சுவர். மற்றது மனிதர் கும்பிட்ட சந்நிதி. முன்னதை இடித்தது திருச்சபையின் பெருமை. பின்னதை இடித்தது அதன் பழி. மிஷன் வீதியைச் சுற்றி எழுந்த பள்ளிகளுக்கு இந்த இரண்டுமே பூர்வீகச் சொத்து. இன்று அந்த வகுப்பறைகளில் விபூதி பூசிய நெற்றியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பள்ளி தரும் மரியாதை தயவில் வருவதன்று, செலுத்தவேண்டிய கடன்.

*

1745க்கும் 1844க்கும் நடுவே நூறாண்டு இருக்கிறது. அதற்குள் இயேசு சபை கலைக்கப்பட்டு, பாரிஸ் சபையார் 1776இல் பொறுப்பேற்றார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்தது; குருக்கள் வருவது நின்றது; மிஷன் மெலிந்தது. போனான் கூட்டிய சங்கம் இந்த மெலிவுக்கு மருந்து தேடியது. பிரான்சிலிருந்து கப்பலில் வரும் குருக்களை நம்பி ஒரு மக்களின் விசுவாசத்தை எத்தனை நாள் நடத்துவது? இந்த மண்ணின் பிள்ளைகள் குருக்களாக வேண்டும். அதற்கு முதலில் அவர்கள் படிக்கவேண்டும். அப்படித்தான் சங்கத்தின் விவாதம் கடைசியில் பள்ளிக்கூடத்தில் வந்து நின்றது.

சங்கத்தின் முடிவுகளை லுக்கே என்ற இளம் குரு உரோமைக்கு எடுத்துச்சென்றார். மறுஆண்டு, 1845 நவம்பர் 23இல், வேதபோதகப் பேராயம் ‘நேமினெம் புரொஃபெக்தோ’ என்ற அறிவுரையை வெளியிட்டது. உள்ளூர்க் குருக்களை வெறும் உதவியாளர்களாக வைத்திருக்கக்கூடாது, அவர்கள் எல்லாப் பொறுப்புகளுக்கும், ஆயர் பதவிக்கும்கூடத் தகுதி பெறும்படி வளர்க்கப்படவேண்டும் என்பது அதன் சாரம். காலனிய நாட்களில் உலகம் முழுவதற்கும் போன அந்த அறிவுரைக்குப் புதுச்சேரிச் சங்கம் ஒரு தூண்டுகோல். ஆனால் உரோமையின் சொல் புதுச்சேரியில் முழுவதும் பலிக்க நெடுங்காலமானது. இந்தியரான அம்புரோஸ் இராயப்பன் முதன்முதலாகப் பேராயராக அமர்ந்தது 1955இல். நடுவே 110 ஆண்டுகள்.

பெத்தி செமினாரின் அந்த முதல் ஆண்டுகளில் குருமடப் பொறுப்பில் இருந்தவர் மரியோன் பிரெசியாக். தமிழ்ப் பையன்கள் பிரெஞ்சுப் பையன்களுக்கு எதிலும் குறைந்தவர்கள் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பின்னர் கோயம்புத்தூருக்கு ஆயராகப் போன அவரை, சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்ற கேள்வி வாட்டியெடுத்தது. மனச்சான்று இடம் கொடாமல் 1855இல் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு வேதபோதக சபையைத் தொடங்கி, 1859இல் ஃபிரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். கோவிலின் சுவர் இடிந்தாலும் மனத்தின் சுவர் நின்றது என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

*

பெண்களின் கல்வியில் கதை இன்னும் ஆழமானது. 1827இலேயே குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய சபையை நிறுவிய ஆன் மரி ஜாவுவே, பிரெஞ்சுக் கயானாவின் மனா என்ற ஊரில் ஆப்பிரிக்க அடிமைகளை விடுதலை வாழ்வுக்குத் தயார்செய்த பெண்மணி. புதுச்சேரியில் அவர் சபையார் பள்ளி நடத்தினார்கள். ஏழைப் பெண்களுக்குத் தையலும் பூவேலையும் கற்றுக்கொடுத்துக் கூலி கிடைக்க வழி செய்தார்கள். ரோமன் ரோலண்ட் வீதியில் 18ஆம் நூற்றாண்டு வீடொன்றில் அந்தப் பூவேலைக் கூடம் இன்றும் நடக்கிறது.

ஆனால் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியின் பெண்பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியே வரவைப்பது யாராலும் எளிதில் ஆகவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோவிலில் ஆடுகிறவள் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்த காலம். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பார்கள். விதவையானால் மூலை. துப்புயி இதைக் கண்டு ஒரு முடிவுக்கு வந்தார். தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெண்களே ஆசிரியர்களாக வேண்டும். அந்தப் பெண்கள் மணம் செய்யாமல், ஆனால் மதிப்போடு வாழ ஒரு வீடு வேண்டும். அந்த வீடுதான் அவர் தொடங்கிய சபை. ஒரு தமிழ்ப் பெண், அப்பன் புருஷன் பிள்ளை என்ற மூவர் காவலுக்கும் வெளியே, தன் படிப்பாலும் உழைப்பாலும் ஊரில் மரியாதையோடு நடக்கலாம் என்பதை 1844இல் புதுச்சேரித் தெருவில் கண்ணெதிரே காட்டியவர்கள் அந்தக் கன்னியர். நாம் பெண்கல்வியின் வரலாறு எழுதும்போது அவர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறோம். அவர்களுக்கு உரிய இடம் முதல் அத்தியாயத்தில்.

துப்புயிக்கு இன்னொரு கையும் இருந்தது. அது மிஷன் அச்சகத்தில் மை படிந்த கை. வீரமாமுனிவரின் தேம்பாவணி முதன்முதலாக முழுமையாக அச்சேறியது அங்கேதான், 1851 முதல் 1853 வரை, மூன்று பகுதிகளாக. முசே என்ற குருவோடு சேர்ந்து அவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. பள்ளி, அச்சகம், சபை மூன்றும் அவருக்கு ஒரே வேலை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், படிக்க நூல் வேண்டும், படிக்கும் பிள்ளை பயமில்லாமல் வந்துபோக வழி வேண்டும். தமிழை ஒதுக்கிவிட்டு இந்த மக்களுக்குக் கல்வி தரலாம் என்று அவர் நினைக்கவில்லை. இதை இன்று ஆங்கில வழி வகுப்புகளால் மட்டுமே பள்ளியை நிறைக்க நினைப்பவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கவேண்டும்.

*

பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இந்தப் படிப்பு கடல் கடக்கவும் உதவியது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, தம் சாதி, சமய வழக்காற்றுச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர்களோடு பிரெஞ்சுக்காரர்களுக்கு நிகரான உரிமை பெற்றார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும், ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறைய. பிரெஞ்சு படித்த பையன் சைகோனுக்குக் கப்பலேறி அலுவலகத்தில், சுங்கத்தில், போலீசில் வேலை பார்த்தான். சேரியில் பிறந்தவனின் மகன் அங்கே நாற்காலியில் உட்கார்ந்தான். எழுத்து ஒரு மனிதனின் இடத்தை மாற்றும் என்பதை இந்த நகரம் நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் உறவினர்களின் வாழ்க்கையில் பார்த்தது.

1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முழுமையானது. மொழி மாறியது, பாடத்திட்டம் மாறியது, குருக்களின் முகம் மாறியது. மாறாதது ஒன்று: ஊர்ப் பெற்றோர் இந்தப் பள்ளிகள்மேல் வைத்த நம்பிக்கை. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 6 பேருக்குச் சற்று அதிகம். ஆகவே எந்தக் கத்தோலிக்கப் பள்ளியும் கத்தோலிக்கருக்கு மட்டும் ஆனதாக இருக்க முடியாது, இருந்ததும் இல்லை.

இந்தக் கலப்பில்தான் பள்ளியின் உண்மையான சமூக வாழ்வு நடக்கிறது. காலை அசெம்பிளியில் செபம் சொல்லும் குரல்களில் பெரும்பாலானவை ஞானஸ்நானம் பெறாதவை. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் இருக்கிறார்கள். டிசம்பரில் குடில் கட்ட வைக்கோலும் களிமண்ணும் கொண்டுவருவது எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தான். தவக்காலத்தில் மிட்டாய்க் காசை உண்டியலில் போட்டு, ஈஸ்டருக்கு முன் ஏழைகளுக்கென்று கொடுக்கும் பழக்கத்தில் முஸ்லிம் பையனும் கை நீட்டுகிறான். அவன் வீட்டில் நோன்பும் ஈகையும் அவனுக்குப் பழகியவை. பொதுத்தேர்வுக்கு முன் மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய், வில்லியனூர் லூர்து மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று வேண்டிக்கொள்ளும் தாய்மார் இந்த ஊரில் ஏராளம். இந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின், கலவரக்காரன் ஒருவன் வந்து அடுத்த சமயத்தாரைப் பற்றிப் பொய் சொல்லும்போது, அது பொய் என்று அவர்களுக்குத் தெரியும். கூடப் படித்தவனின் டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்களை ஏமாற்றுவது கடினம். கத்தோலிக்கப் பள்ளிகள் இந்த நாட்டுக்குச் செய்த பெரிய கொடை எது என்று கேட்டால், ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் பட்டியலுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

சிஸ்டர்களையும் சொல்லவேண்டும். பள்ளி வளாகத்திலேயே வாழ்ந்து, ஓய்வு வயது வந்தபின்னும் நூலகத்திலோ, விடுதிச் சமையற்கட்டிலோ ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பெண்கள் அவர்கள். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது அவர்களுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். இந்த அறிவு எந்தப் பி.எட். வகுப்பிலும் கிடைக்காது.

*

இத்தனையும் உண்மையாக இருக்கும்போதே இன்னொன்றும் உண்மையாக இருக்கிறது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் ஒரே வளாகத்துக்குள் அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவும், கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பிரிவும் அருகருகே நடக்கும் பள்ளிகள் பல. சீருடை வேறு, வகுப்பறை வேறு, சில இடங்களில் வாசலே வேறு. தமிழ் வழியில் கூலிக்காரர், மீனவர், வீட்டுவேலை செய்பவர் பிள்ளைகள். மறுபுறம் மாதச் சம்பளக்காரர் பிள்ளைகள். இந்தப் பிரிவு யாரும் திட்டமிட்டு எழுப்பியதன்று. மானியம் போதாமை, ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பாமை, பெற்றோரின் ஆங்கில ஆசை எல்லாம் சேர்ந்து எழுப்பியது. ஆனாலும் 1745இன் வடபுறச் சுவரை அறிந்தவருக்கு இது எதை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற வெறி இன்னொரு சுவர். ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கும் பிள்ளையை, வேறு பள்ளி பாருங்கள் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் தனியார் பள்ளிகளிடையே பரவியிருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளி எதிலும் அது நுழையக்கூடாது. காணாமற்போன ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுப் போன மேய்ப்பனின் கதையைச் சொல்லிவளர்ந்த சபை, தொண்ணூற்றொன்பதின் மதிப்பெண்ணுக்காக அந்த ஓர் ஆட்டை வெளியே தள்ளலாமா?

பாமா ‘கருக்கு’ எழுதியது 1992இல். ஏழைத் தலித் பிள்ளைகளுக்குச் சேவை செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்த ஓர் ஆசிரியை, அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே தன் உழைப்பு போகிறது என்று கண்டு வெளியேறிய வாழ்க்கைக் கதை அது. அதைத் திருச்சபைக்கு எதிரான நூல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அது, 1745இல் மூத்த குருவிடம் போய்க் கேட்டவர்களின் அதே கேள்வியாகத்தான் படுகிறது. வெளியேறியவர் நற்செய்தியை விட்டு வெளியேறவில்லை. அதை நம்பியதால் வெளியேறினார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள்ளும் சாதிக் கொடுமை இருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் ஆவணத்தில் இருந்தால் மட்டும் போதாது. பள்ளிச் சேர்க்கை மேசைக்கு வந்துசேரவேண்டும்.

இங்கே சட்டமும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆகவே தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்கு, இந்துவாக இருக்கும் தன் பெரியப்பா மகனுக்குக் கிடைக்கும் இடஒதுக்கீடு கிடைக்காது. அரசு கைவிட்ட அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு? மறுபுறம், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தரவேண்டும் என்கிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை மறுபடி ஆராயவேண்டும் என்ற குரல் 2025இல் அந்த நீதிமன்றத்துக்குள்ளேயே எழுந்தது.

சிறுபான்மையினரின் கல்வி உரிமையை, அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவை, நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பெரும்பான்மைவாதம் ஓங்கும் காலத்தில் அந்தக் கேடயம் இல்லாமல் இந்தப் பள்ளிகள் நிலைக்க முடியாது. ஆனால் கேடயம் எதைக் காப்பதற்கு? தன் விருப்பப்படி நல்லது செய்யும் சுதந்திரத்தைக் காப்பதற்கு. வசதியில்லாத பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கும் சுதந்திரத்தை அது தரும் என்றால், அதைக் கையிலெடுக்க நற்செய்தி அனுமதிக்காது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பொருளில் வறியவர்கள், குடும்ப ஆதரவு அற்றவர்கள், கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வெளியே இருப்பவர்கள் ஆகியோர்மேல் கத்தோலிக்கப் பள்ளி தனிக் கவனம் வைக்கவேண்டும் என்று கேட்கிறது. உச்ச நீதிமன்றம் விலக்கு தரலாம். இந்த அறிக்கையிலிருந்து விலக்கு தர எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.

ஆகவே புதுச்சேரி கடலூர் உயர்மறைமாவட்டத்திடமும், இந்நகரில் பள்ளி நடத்தும் சபைகளிடமும் நான் வேண்டுவது இதுதான். சட்டம் கேட்காமலேயே, நான்கில் ஓர் இடத்தைக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அவர்களில் தலித் பிள்ளைகளுக்கும், தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும், எழுதப் படிக்கத் தெரியாத தாயின் பிள்ளைகளுக்கும் முதலிடம் கொடுங்கள். பெற்றோரை நேர்காணல் செய்து பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதை நிறுத்துங்கள். இரண்டு பிரிவுகள் இருக்கும் வளாகத்தில் அசெம்பிளியும் விளையாட்டும் மதிய உணவும் ஒன்றாக நடக்கட்டும்; சீருடை ஒன்றாக இருக்கட்டும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையைப் பத்தாம் வகுப்புவரை கைப்பிடித்துக் கொண்டுபோங்கள். தேர்ச்சி நூற்றுக்குத் தொண்ணூறு ஆனால் ஆகட்டும். எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி இடம் தந்தீர்கள் என்ற கணக்கை, தேர்வு முடிவுகளை ஒட்டும் அதே பலகையில் ஆண்டுதோறும் ஒட்டுங்கள்.

பழைய மாணவர்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. பிரான்சிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் வசதியோடு இருப்பவர்களில் பலர் இந்தப் பெஞ்சுகளிலிருந்து எழுந்துபோனவர்கள். கலையரங்கத்துக்கும் வளைவுக்கும் பெயர் பொறிக்கப் பணம் கொடுப்பதைவிட, ஒரு பிள்ளையின் பன்னிரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பொறுப்பேற்பது பெரிய காரியம். 1844இல் இந்தப் பள்ளிகள் தொடங்கியபோது அவை கணக்குப் பார்க்கவில்லை. யாருக்குக் கதவு அடைத்திருக்கிறது என்று பார்த்தன. இன்றைக்கும் பார்க்கவேண்டியது அதைத்தான். வரும் சேர்க்கைக் காலத்திலேயே தொடங்குங்கள்.